மதில் போனபோது சோறு கிடைத்தது... இனி போனால்? கொங்கு கோட்டைகளின் கதி!

கோவை:

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டைக்கு உலக அந்தஸ்து கிடைத்து விட்டது. 2025-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி பாரீசில் நடந்த யுனெஸ்கோ உலக பாரம்பரிய குழு கூட்டத்தில் மராட்டிய கோட்டைகள் 12-ஐ மொத்தமாக பட்டியலில் சேர்த்தார்கள். இதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு கிடைத்தது செஞ்சி ஒன்றுதான்.

சந்தோஷமான சேதிதான். ஆனால் இந்த சேதியை படித்த கொங்கு மக்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். நம்ம ஊரு கோட்டை எல்லாம் எங்கே போச்சு?

கொங்கு சீமைக்கு உலக பட்டியல் புதுசு இல்லை. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு போகிற மலை ரெயில் 2005-ம் ஆண்டே அந்த பட்டியலில் ஏறி விட்டது. ஆனால் கோட்டை என்று எடுத்துக்கொண்டால் கொங்கு மண்டலத்தில் பாதிக்கு மேல் பெயர் மட்டும்தான் மிச்சம். மதில் எப்படி போனது என்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அதில் ஒரு கணக்கும் இருக்கிறது.

பெயரில் மட்டும் கோட்டை

கோவை உக்கடம் பஸ் நிலையத்தில் இறங்கி டவுன்ஹால் பக்கம் நடந்தால் கோட்டைமேடு வரும். கோட்டை ஈஸ்வரன் கோவில் என்று எல்லோரும் சொல்கிற சங்கமேஸ்வரர் கோவில் அங்கேதான் இருக்கிறது. மேடு இருக்கிறது, ஈஸ்வரன் இருக்கிறார். கோட்டையை மட்டும் காணோம்.

ஈரோட்டிலும் இதே கதைதான். கோட்டை ஈஸ்வரன், கோட்டை பெருமாள் என்று இரண்டு கோவில்கள். சுற்றி இருந்த மதிலும் அகழியும் இல்லை. சென்னிமலை பக்கம் போய்விட்டு வரும் வழியில் ஓடாநிலை என்று ஒரு ஊர். தீரன் சின்னமலை கோட்டை கட்டி வெள்ளைக்காரனை எதிர்த்த இடம். கோட்டையை வெள்ளையர்கள் தரைமட்டம் ஆக்கி விட்டார்கள். இன்றைக்கு அங்கே நிற்பது பின்னாளில் அரசு கட்டிய மணிமண்டபம்.

இங்கே ஏன் இத்தனை கோட்டை?

வரைபடத்தை எடுத்து பார்த்தால் விஷயம் புரியும். மேற்கே பாலக்காட்டு கணவாய். மேற்கு தொடர்ச்சி மலையில் பெரிய வழி அதுதான். வடக்கே மைசூர் மேட்டில் இருந்து சத்தியமங்கலத்துக்கு இறங்குகிற கஜலட்டி கணவாய். கிழக்கே காவிரி. இந்த மூன்று வாசலையும் யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கொங்கு நாடு. அதனால்தான் கோவை, ஈரோடு, கரூர், தாராபுரம், சத்தியமங்கலம் என்று வரிசையாக கோட்டைகள் முளைத்தன.

ஐதர் அலி, திப்பு சுல்தான், கும்பெனிக்காரன் என்று 18-ம் நூற்றாண்டில் நடந்த மைசூர் போர்களில் இந்த கோட்டைகள் பந்து மாதிரி கை மாறின. கோவை கோட்டை மட்டும் 1768, 1783, 1790 என்று மூன்று முறை வெள்ளையர் வசம் போனது. திரும்பத் திரும்ப மைசூர் வசமும் வந்தது.

5 மாதம் தாங்கிய கோவை மதில்

1791-ம் ஆண்டு நடந்த சண்டைதான் கோவை கோட்டையின் கடைசி பெரிய கதை. அப்போது கோட்டை கும்பெனி கையில். மதில் பலம் இல்லாதது என்று வெள்ளைக்காரனே முடிவு கட்டி, நல்ல பீரங்கிகளை எல்லாம் பாலக்காட்டு கோட்டைக்கு அனுப்பி விட்டான். கோவையில் சால்மர்ஸ் என்ற லெப்டினன்ட்டும் சில நூறு சிப்பாய்களும் மட்டும். அதில் திருவிதாங்கூர் படை ஆட்களும் உண்டு.

ஜூன் மாதம் திப்புவின் படை வந்து சூழ்ந்தது. ஆகஸ்டில் மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கைகலப்பு நடந்தும் கோட்டை விழவில்லை. பாலக்காட்டில் இருந்து உதவி வந்தது. அப்புறம் கமருதீன்கான் பெரிய படையோடு வந்து முற்றுகை போட்டார். மருந்து தீர்ந்து, நவம்பர் தொடக்கத்தில் கோட்டை சரண் அடைந்தது. பலம் இல்லாத மதில் என்று ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 5 மாதம் தாக்குப்பிடித்தது என்பதுதான் இதில் ஆச்சரியம்.

போர்கள் ஓய்ந்த பிறகு கோவை கோட்டை இடிக்கப்பட்டது. 1804-ல் கோவை மாவட்ட தலைநகர் ஆனது. 1866-ல் நகராட்சி வந்தது. வீடு, கடை, வீதி என்று ஊர் வளர்ந்து பழைய மதில் இருந்த தடமே மறைந்து விட்டது.

அதே போரில் அடிபட்ட பாலக்காட்டு கோட்டை, கோவையில் இருந்து 50 கிலோ மீட்டர் தூரத்தில், அகழியில் தண்ணீரோடு இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. 1766-ல் ஐதர் அலி எழுப்பியது. போர் முடிந்த பிறகும் ராணுவம், தாலுகா ஆபீஸ், ஜெயில் என்று ஏதாவது ஒரு வேலைக்கு அது பயன்பட்டுக்கொண்டே இருந்தது. பிறகு மத்திய தொல்லியல் துறை கைக்கு போனது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோவைக்காரர்களே குடும்பத்தோடு போய் சுற்றிப் பார்க்கிறார்கள். ஆள் புழங்கிய மதில் தங்கியது. கேட்பாரற்ற மதில் போனது.

பஞ்சத்துக்கு கொடுத்த மதில்

ஈரோடு கோட்டை பீரங்கியில் போகவில்லை. பசியில் போனது.

1876-ல் மழை பொய்த்து தென்னிந்தியா முழுக்க கொடும் பஞ்சம் வந்தது. சேலம், கோவை மாவட்டங்களில் அடி பலமாக விழுந்தது. சும்மா கஞ்சி ஊற்ற அரசுக்கு மனசு இல்லை. வேலை செய்தால்தான் கூலி என்று நிவாரண பணிகளை திறந்தார்கள். 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து அந்த கூலியையும் குறைத்தார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரை கிலோவுக்கும் குறைவு. அதோடு ஒரு அணா காசு.

அந்த வருஷம்தான் ஈரோட்டில் எப்போதோ கைவிடப்பட்ட பழைய கோட்டையை நிவாரண வேலையாக இடித்து மட்டம் செய்தார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்த ஜனங்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த மதில் அன்றைய வயிற்றுக்கு கிடைத்த தானியம். யார் குறை சொல்ல முடியும்?

அணைக்குள் மூழ்கிய கோட்டை

அடுத்தது டணாய்க்கன் கோட்டை. தண்டநாயகன் என்றால் படைத்தலைவன். ஒய்சாளர் காலத்து தண்டநாயகன் பெயரில் எழுந்த கோட்டை மக்கள் வாயில் டணாய்க்கன் கோட்டை ஆனது. கஜலட்டி கணவாயில் இறங்கி வருகிறவர்களை தடுத்து நிறுத்த வசதியான இடம்.

1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்த பவானிசாகர் அணை அந்த கோட்டையையும் உள்ளே இருந்த மாதவப் பெருமாள் கோவிலையும் தண்ணீருக்குள் வைத்து மூடி விட்டது. வறட்சி வந்து அணை வற்றினால் கோவில் மண்டபம் தலை காட்டும். உடனே பத்திரிகைகளில் போட்டோ வரும். ஜனங்கள் பரிசலில் போய் பார்ப்பார்கள். மழை வந்தால் மறுபடியும் மூழ்கும்.

ஆனால் இந்த இழப்புக்கும் ஒரு வரவு உண்டு. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு தண்ணீர் தருவது அந்த அணைதான். கீழ்பவானி வாய்க்கால் கடைமடை விவசாயியிடம் போய் கோட்டை வேண்டுமா, வாய்க்கால் வேண்டுமா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, கொங்கு நாடு கோட்டைகளை தொலைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. கோவை மதில் போன இடத்தில் ஊர் வளர்ந்தது. ஈரோட்டு மதிலுக்கு பதில் கஞ்சி கிடைத்தது. டணாய்க்கன் கோட்டைக்கு பதில் வயலுக்கு தண்ணீர் கிடைத்தது. ஓடாநிலை ஒன்றுதான் எதிரி வஞ்சம் தீர்த்த கணக்கு. சரி, இனி மிச்சம் இருப்பது போனால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. பிரச்சினையே அங்கேதான்.

மிச்சம் இருப்பது சங்ககிரியும் நாமக்கல்லும்

சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு பேர் போன ஊர் சங்ககிரி. ரோட்டில் போகும்போதே மலை மேல் மதில் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். விஜயநகர காலத்தில் தொடங்கி வெள்ளைக்காரன் காலம் வரை கட்டிக்கொண்டே வந்த கோட்டை. ஒரு வாசலை தாண்டினால் இன்னொரு வாசல், ஒரு சுவருக்கு மேல் இன்னொரு சுவர் என்று அடுக்கடுக்காக போகும். தானியக் கிடங்கு, மருந்துக் கிடங்கு, பெருமாள் கோவில், தர்கா எல்லாம் மலையிலேயே உண்டு.

1792-ல் திப்புவோடு நடந்த ஒப்பந்தத்தில் சேலம் பகுதி கும்பெனிக்கு போனது. காவிரிக்கு இந்தப்பக்கம் கோவை திப்புவிடமே நின்றது. 1799-ல் திப்பு வீழும் வரை காவிரிதான் எல்லை. ஆற்றுக்கு பக்கத்தில் இருந்த சங்ககிரி அந்த 7 வருஷமும் எல்லைக் கோட்டை. 1805-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி தீரன் சின்னமலையையும் அவர் சகோதரர்களையும் தூக்கில் போட்டதும் இதே சங்ககிரியில்தான். வருஷா வருஷம் ஆடி 18 அன்று அரசியல் கட்சிகள் எல்லாம் மாலையோடு அங்கே வருவது எல்லோருக்கும் தெரிந்தது.

நாமக்கல் கோட்டை ஒரே கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாறையின் உயரம் 200 அடிக்கு மேல். உச்சியில் ஒன்றரை ஏக்கர் அளவுக்கு சமதளம். அதை சுற்றி மதில். அடிவாரத்தில் நரசிம்மர், ரங்கநாதர் குடைவரை கோவில்கள். ராமச்சந்திர நாயக்கர் 16-ம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். 1768-ல் கர்னல் உட் பிடித்து சீக்கிரமே ஐதரிடம் பறிகொடுத்த கோட்டை. ஊரின் நடுவே நின்றாலே மேலே பல் வரிசை மாதிரி மதில் விளிம்பு தெரியும்.

இந்த இரண்டும் தப்பியதற்கு காரணம் ரொம்ப சாதாரணம். உச்சிப் பாறையில் வீடு கட்ட முடியாது, ஏர் ஓட்ட முடியாது. அதனால் யாரும் கை வைக்கவில்லை. இரண்டும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பு பட்டியலில் இருக்கின்றன.

பீரங்கியை விட மழை பொல்லாதது

மதில் விளிம்பில் இருக்கிற அந்த பல் வரிசைக்கு பழந்தமிழில் ஞாயில் என்று பேர். வீரன் பின்னால் மறைந்து நின்று, இடைவெளி வழியாக அம்பு விடுவான். துப்பாக்கி வந்த பிறகு அதில் சின்ன துளைகள் வைத்தார்கள். உள்ளே இருப்பவனுக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. கோட்டையை வளைப்பதற்கு உழிஞை என்றும், மதிலை காப்பதற்கு நொச்சி என்றும் தனித்தனி திணையே வைத்தவர்கள் தமிழர்கள்.

சண்டை முடிந்த பிறகு ஞாயிலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். பல கோட்டை மதில்கள் முழுக்க கல் கிடையாது. வெளிப்பக்கம் ஒரு கல் சுவர், உள்பக்கம் ஒரு கல் சுவர். நடுவில் மண்ணும் உடைகல்லும் போட்டு நிரப்பி இருப்பார்கள். மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மூடி, அதன் மேல்தான் ஞாயில். அதாவது மதிலுக்கு அது தொப்பி மட்டும் இல்லை, குடையும் அதுதான்.

அந்த குடை கிழிந்தால் என்ன ஆகும்? காக்கை போட்ட விதையில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைக்கும். வேர் சுண்ணாம்பை பிளக்கும். ஐப்பசி மழை அந்த வெடிப்பு வழியாக உள்ளே இறங்கும். நடுவில் உள்ள மண் ஊறி உப்பும். சுவர் வயிறு தள்ளி நிற்கும். ஒரு மழைக்காலம் தாங்கும், இரண்டு தாங்கும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி மொத்தமாக சரியும். பீரங்கிக்கு 5 மாதம் தாங்கிய மதில் ஒரு ஆலங்கன்றுக்கு தாங்காது.

அதனால்தான் கோட்டையில் முதலில் பார்க்க வேண்டியது உச்சி விளிம்பை. கன்றை விரல் பருமனில் பிடுங்கினால் ஒரு நாள் வேலை. மரமான பிறகு வெட்டினால் வேரோடு சுவரும் வரும். அவசரத்துக்கு சிமெண்ட் பூசுவதும் வினைதான். உள்ளே இறங்கிய ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே வரும். சிமெண்ட் வழியாக வராது. உள்ளுக்குள்ளேயே தங்கி கல்லையும் செங்கல்லையும் அரிக்கும்.

சட்டம் இருக்கு... ஆள்?

சட்டத்துக்கு குறைச்சல் இல்லை. 1958-ம் ஆண்டின் புராதன சின்னங்கள் சட்டத்தை 2010-ல் கடுமை ஆக்கினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இருந்து 100 மீட்டருக்குள் புது கட்டிடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சின்னத்தை சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். சுவரில் காதலி பெயரை கிறுக்குகிற ஆசாமிகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் காவலுக்கு ஆள்? 2022-ம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு முன்பு மத்திய கலாசார அமைச்சகம் கொடுத்த விவரம் அதிர்ச்சி ரகம். நாட்டில் அப்போது பாதுகாப்பு பட்டியலில் இருந்தவை 3,693 சின்னங்கள். காவலர் போட முடிந்தது 248 இடங்களில் மட்டும். 7 ஆயிரம் பேர் தேவைப்படும் இடத்தில் 2,578 பேர்தான் இருந்தார்கள். 50 சின்னங்களை காணவே இல்லை. அதில் 14 நகரம் வளர்ந்ததில் போனது. 12 அணைகளுக்குள் மூழ்கியது. மீதி 24 எங்கே போனது என்றே தெரியவில்லை. கோவை கோட்டை, டணாய்க்கன் கோட்டை கதை நாடு முழுக்க நடக்கிற கதைதான்.

பட்டியலில் ஏறினால் போதுமா?

செஞ்சி மாதிரி சங்ககிரியையும் யுனெஸ்கோவுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். ஆசை தப்பில்லை. ஆனால் பட்டியல் மழையை நிறுத்தாது. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் கோட்டை 2013-லேயே உலக பட்டியலில் ஏறியது. 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையில் அதன் மதிலில் ஒரு பகுதி சரிந்து ரோட்டில் விழுந்தது. பாலைவனத்து கோட்டைக்கே அந்த கதி.

ஜப்பானில் குமாமோட்டோ கோட்டையை 2016-ல் பூகம்பம் உலுக்கியது. கல் சுவர்கள் பல இடங்களில் சரிந்தன. அவர்கள் விழுந்த கற்களுக்கு நம்பர் போட்டார்கள். பழைய போட்டோக்களை வைத்து எந்த கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து அதே இடத்தில் வைக்கிறார்கள். வேலை முழுசாக முடிய 2052-ம் ஆண்டு ஆகும் என்கிறார்கள். பழைய போட்டோ இருந்ததால்தான் இதுவும் நடக்கிறது.

இதில் சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் பாடம் இருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் வந்து பிறகு தொடங்க வேண்டிய வேலை இல்லை இது.

ஒன்று, மதில் முழுவதையும் அடி அடியாக போட்டோ எடுத்து வைக்க வேண்டும். என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு பஞ்சமே இல்லாத மண்டலம் கொங்கு. தொல்லியல் துறை அனுமதி கொடுத்தால் மாணவர்களே ஒரு செமஸ்டரில் முடித்து விடுவார்கள்.

இரண்டு, வருஷம் தவறாமல் ஐப்பசிக்கு முன்னால் உச்சி விளிம்பில் முளைத்த கன்றுகளை எடுக்க வேண்டும். வெடிப்பை சுண்ணாம்பு கலவையால் அடைக்க வேண்டும். இதை தொல்லியல் துறையின் மேற்பார்வையில்தான் செய்ய முடியும். ஆர்வக்கோளாறில் யாரும் சாந்து சட்டியோடு மலை ஏறினால் சட்டப்படி குற்றம்.

மூன்று, ஆள் நடமாட்டம். பாலக்காட்டு கோட்டை தப்பியது அதனால்தான். குடிக்க தண்ணீர், படிக்கட்டு ஓரம் கைப்பிடி, வழி சொல்ல ஒரு ஆள் என்று இருந்தால் சங்ககிரிக்கு ஆடி 18 மட்டும் இல்லாமல் மற்ற நாளிலும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஜனம் வருகிற இடத்தில் சுவர் கிறுக்குகிற ஆசாமிக்கும் பயம் இருக்கும்.

நான்கு, கோவையும் ஈரோடும். மதிலை திரும்ப கட்டித் தரச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. பழைய வரைபடங்களை வைத்து, கோட்டை வாசல் இங்கே, அகழி இங்கே என்று வீதிகளில் பலகை வைக்கலாம். தினமும் கோட்டைமேட்டை தாண்டி ஸ்கூலுக்கு போகிற பிள்ளைக்கு அந்த பெயர் எப்படி வந்தது என்றாவது தெரியும். பலகை செலவு மாநகராட்சிக்கு பெரிய காசு இல்லைங்க.

ஆடி 18 வரும்போது தலைவர்கள் சங்ககிரிக்கு வந்து சின்னமலைக்கு மாலை போடுவார்கள். அப்படியே தலையை நிமிர்த்தி மலை மேல் மதில் விளிம்பில் எத்தனை ஆலங்கன்று முளைத்திருக்கிறது என்றும் எண்ணிப் பார்த்தால் நல்லது. அதற்கு அடுத்த மூன்றாவது மாதம் ஐப்பசி மழை.